அந்த மதியம் உங்கள் மனைவி பார்த்தது என்ன?

வாசகரின் கடிதம், சுருக்கமாக:

அவருக்கு வயது 46. நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் அலுவலக வேலை. இருபது வயதில் மனதில் விழுந்த ஓர் ஆசை, தனியாக மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் போய் வர வேண்டும் என்பது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், வண்டிக்கு வாங்கிய கடனும் முடிந்துவிட்டது. நான்கு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. 1,200 கிலோமீட்டர் போய், அதே வழியில் 1,200 கிலோமீட்டர் திரும்ப வேண்டும். ஆக, நாளுக்கு 600. தினமும் அதிகாலை 4 மணிக்குப் புறப்பாடு. "சீராக 80-இல் போனால் ஏழரை மணி நேரம்தானே, டாக்டர்?" என்கிறார்.

ஐந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்று இரண்டு மாத்திரைகள். தூசி ஒவ்வாமையால் வரும் தும்மலுக்கு இரவில் குளோர்ஃபெனிரமின். மூன்று மாதச் சராசரி நன்றாகவே இருக்கிறதாம். மனைவி தடுக்கவில்லை, "போங்கள், ஆனால் தனியாக வேண்டாம்" என்கிறார். "46 வயது ஆளுக்குக் காவல் வேண்டுமா? தனியாகப் போவதுதானே இதன் பொருளே?" என்று குமுறுகிறார் வாசகர். நண்பர்கள் வேறு, இதற்குப் பெரிய வண்டிதான் சரி என்று குழப்புகிறார்களாம்.

அவருடைய கேள்விகள் மூன்று. என் உடல்நிலையில் இந்தப் பயணம் போகலாமா? சர்க்கரை இறங்கிவிடும் என்ற பயம் இல்லாமல் இருக்க, அந்த நான்கு நாளும் மாத்திரையை நிறுத்திவிடலாமா? தூக்கம் வந்தால் எனர்ஜி டிரிங்க் போதுமா?

கடைசியில் ஒரு பின்குறிப்பு. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு விடுமுறை நாளில் மதியச் சாப்பாடு தள்ளிப்போயிருக்கிறது. சட்டை நனைய வியர்த்தது, கை நடுங்கியது. மனைவி சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார், பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. "பசிதான். அவள்தான் அதைப் பெரிதுபடுத்துகிறாள்" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தை என்னை இரண்டாம் முறை படிக்க வைத்தது அந்தப் பின்குறிப்புதான். நீங்கள் கடைசியில் வைத்ததை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கிளிமிபிரைடு, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்த்துக்கொண்டிருப்பதில்லை. தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப்போனாலோ, வழக்கத்தைவிட உடம்பு அதிகம் உழைத்தாலோ, இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிடக்கூடும். இதைத்தான் லோ சுகர் என்கிறோம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இது அரிது. கிளிமிபிரைடு சேரும்போது அப்படிச் சொல்ல முடியாது. சட்டை நனையும் வியர்வை, கை நடுக்கம், சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போனதும் பத்தே நிமிடத்தில் தெளிவு என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பாடப்புத்தகத்தில் அப்படியே அச்சிடலாம். அந்த நேரத்தில் விரலில் குத்திப் பார்க்காததால் உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் 'பசிதான்' என்ற உங்கள் தீர்ப்பை நான் ஏற்கவில்லை.

மூன்று மாதச் சராசரி நன்றாக இருக்கிறதே என்பீர்கள். சராசரி என்பது சராசரிதான். ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டு அழகான ஓர் எண்ணைக் கொடுத்துவிடும். இடையிடையே ஆழமாக இறங்கியிருந்தால் அந்த எண் அதைக் காட்டிக் கொடுக்காது.

இப்போது அந்த மதியத்தை வண்டியின் மேல் வைத்துப் பாருங்கள். லோ சுகரின் முதல் எச்சரிக்கை வியர்வை. ஜாக்கெட்டுக்குள் எப்போதும் வியர்த்துக்கொண்டுதான் இருக்கும். அடுத்தது நடுக்கம், இன்ஜின் அதிர்வில் கை ஏற்கெனவே நடுங்குகிறது. பிறகு படபடப்பு, அதை வேகத்தின் கிளர்ச்சி என்று எடுத்துக்கொள்வீர்கள். எரிச்சல் வந்தால் முன்னால் போகும் லாரியின் மேல் பழி போடுவீர்கள். பேச்சுக் குழறுவது ஹெல்மெட்டுக்குள் யாருக்கும் கேட்கப்போவதில்லை. உடம்பு அனுப்பும் எச்சரிக்கை ஒவ்வொன்றுக்கும் மோட்டார் சைக்கிளில் ஒரு நியாயமான காரணம் தயாராக இருக்கிறது. போதாக்குறைக்கு, சர்க்கரை இறங்கும்போது மங்குபவற்றில் 'எனக்கு என்னவோ ஆகிறது' என்று கண்டுகொள்ளும் திறனும் ஒன்று. அன்று அதை முதலில் கண்டுகொண்டது நீங்களா, உங்கள் மனைவியா? உங்கள் கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை. நான் ஊகிப்பதைச் சொல்கிறேன்: அவர் தனிமைக்குப் பயப்படவில்லை. உங்களால் உங்களைப் பார்க்க முடியாத சில நிமிடங்களை அவர் பார்த்திருக்கிறார். அந்த நிமிடங்கள் சாலையில் வந்தால் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி.

தனியாகப் போவதில் தவறில்லை

இவ்வளவு சொன்னதால் நானும் உங்கள் மனைவி பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். நானும் வண்டி ஓட்டுகிறவன்தான். துணைக்கு ஆள் இருந்தால் பாதுகாப்பு என்பது பாதிதான் உண்மை. கூட்டமாகப் போகும்போது முன்னால் போகிறவரின் வேகம் நம் வேகமாகிவிடுகிறது. நமக்குக் கண் எரியும்போது அவருக்கு எரிவதில்லை. 'நில்லுங்கள்' என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டே ஐம்பது கிலோமீட்டர் ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். தனியாகப் போகிறவர் நினைத்த இடத்தில் நிற்கலாம், நினைத்த நேரத்தில் அன்றைய ஓட்டத்தை முடித்துவிடலாம். யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

பெரிய வண்டி வாங்கச் சொல்லும் நண்பர்களுக்கு ஒரு தகவல். 1973-இல் ஆன்-பிரான்ஸ் டோத்வில் என்ற பிரெஞ்சுப் பெண் தன்னந்தனியாக உலகைச் சுற்றியது ஒரு சிறிய கவாசாகி வண்டியில்தான். உங்கள் வண்டி எதுவானாலும் நன்றாகப் பராமரித்ததாக இருந்தால் அதுவே போதும். அந்தப் பணத்தை நல்ல முழுமுக ஹெல்மெட்டுக்கும், கையுறைக்கும், கணுக்காலை மூடும் பூட்ஸுக்கும் செலவிடுங்கள். ஹெல்மெட் குறித்த ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, அது சாவின் வாய்ப்பை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று தெரிந்தது. எந்த இன்ஜினும் இந்த வேலையைச் செய்யாது.

தனியாகப் போகிறவருக்கு உள்ள உண்மையான குறை ஒன்றே ஒன்று: களைத்திருக்கிறேனா என்பதைத் தீர்மானிக்க வேண்டியதும் அந்தக் களைத்த மூளைதான். எனவே நிற்பது, சாப்பிடுவது, சர்க்கரை பார்ப்பது, தங்குவது ஆகிய எல்லா முடிவுகளையும் தெளிவான மூளையோடு, வீட்டு மேசையில், தாளில் எழுதி முடித்துவிட வேண்டும். சாலையில் எடுப்பதற்கு முடிவு எதையும் மிச்சம் வைக்காதீர்கள்.

600 கிலோமீட்டர் கணக்கு

80 என்பது வேகமானியின் முள் காட்டும் எண். பெட்ரோல், சாப்பாடு, சந்திப்புகள், ஊருக்குள் நெரிசல், வழி தவறுவது எல்லாம் சேர்ந்தால் ஒரு நாளின் சராசரி மணிக்கு 45 முதல் 50 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 600 கிலோமீட்டர் என்பது 12 முதல் 13 மணி நேரம். வழியில் ஒரு மழை, ஒரு பஞ்சர் போதும். இரவு 8 மணி ஆகிவிடும். 4 மணிக்குப் புறப்பட 3 மணிக்கு எழுந்தவருக்கு அது விழித்திருக்கும் 17-ஆவது மணி நேரம். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவருக்கு நிகராகத் தாழ்ந்துவிடுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல நாடுகளில் வண்டி ஓட்டுவதற்கான சட்ட எல்லையே அதுதான். நீங்கள் மது தொடுவதில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். தூக்கத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இதுவும் முதல் நாள் கணக்குதான். தூக்கக் கடன் வட்டியோடு சேரும். உங்கள் திட்டத்தில் நான்காம் நாள்தான் எனக்குப் பயம் தருகிறது. மூன்று நாள் அரைத்தூக்கம், மறுநாள் அலுவலகம், பழகிய வழி, 'இதோ வீடு வந்துவிட்டது' என்ற நினைப்பு. பல ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு திரும்பும் நாளில், தேநீருக்கு நிற்க வேண்டும் என்று நான் குறித்து வைத்திருந்த திருப்பத்தைத் தாண்டி 40 கிலோமீட்டர் போன பிறகுதான் தாண்டியதே தெரிந்தது. அந்த 40 கிலோமீட்டரில் பார்த்த எதுவும் இன்றுவரை நினைவில் இல்லை. கண் திறந்துதான் இருந்தது.

உங்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, தூரத்தை வைத்துக்கொண்டு விடுப்பை நீட்டுவது: 2,400 கிலோமீட்டருக்கு ஆறு நாள் ஓட்டம், நடுவில் ஒரு நாள் ஓய்வு. இரண்டாவது, விடுப்பை வைத்துக்கொண்டு தூரத்தைப் பாதியாக்குவது. மூன்றாவதைப் பலர் யோசிப்பதில்லை. போவதற்கு மட்டும் ஓட்டுங்கள். நாளுக்கு 400 வீதம் மூன்று நாளில் போய்ச் சேருங்கள். வண்டியைச் சரக்கில் அனுப்பிவிட்டு நான்காம் நாள் ரயிலிலோ பஸ்ஸிலோ திரும்புங்கள். திரும்பும் வழியையும் ஓட்டினால்தான் பயணம் என்று ஏதும் விதி இருக்கிறதா? உங்கள் இடத்தில் இருந்தால் மூன்றாவதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். உங்கள் பெருமைக்கு அது இடிக்கும் என்றும் தெரிகிறது.

எந்த வழியானாலும் புறப்பாடு விடிந்த பிறகு. உடல் கடிகாரம் மிகத் தாழ்ந்து ஓடுவது அதிகாலை 2 முதல் 6 மணி வரை. பிற்பகல் 2 முதல் 4 வரை இன்னொரு சிறிய சரிவு உண்டு. அந்த நேரத்தில் நீண்ட ஓய்வு வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. நிறுத்தினால் சர்க்கரை ஏறும். ஏறிய சர்க்கரை சிறுநீரோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். வாய் வறளும், பார்வை மங்கும், உடம்பு சோரும். ஓர் ஆபத்தைத் தவிர்க்க இன்னொன்றைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு போவதுதான் அது.

செய்ய வேண்டியது வேறு. பயணத்துக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே உங்களுக்கு மருத்துவம் பார்ப்பவரிடம் போய் அந்த மதியத்தைப் பற்றிச் சொல்லுங்கள். கிளிமிபிரைடின் அளவைக் குறைக்கலாமா, அல்லது லோ சுகரை அரிதாகவே உண்டாக்கும் வேறு வகை மாத்திரைக்கு மாற்றலாமா என்று அவர் முடிவு செய்வார். மாற்றினால் புது மாத்திரை உடம்புக்குப் பழகச் சில வாரம் வேண்டும். அதற்காகத்தான் ஆறு வாரம். கண், பாதம் இரண்டையும் அதே நேரத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் பின்பிரேக்கையும் கியரையும் கால் சரியாக உணராது. பூட்ஸ் கடித்த புண்ணும் தெரியாது.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. சர்க்கரை இறங்கியபோது தானே எழுந்து சர்க்கரை எடுத்துச் சாப்பிட முடியாமல், பிறர் உதவி தேவைப்பட்டால் அதை மருத்துவத்தில் 'கடுமையான' லோ சுகர் என்று தனியே வகைப்படுத்துகிறோம். பல நாடுகளில் ஓட்டுநர் உரிமமும் காப்பீடும் இதைத் தனியாகப் பார்க்கின்றன. சிலவற்றில் தெரிவிக்க வேண்டிய கடமையும் உண்டு. உங்கள் உரிம விதியையும் காப்பீட்டு ஆவணத்தையும் எடுத்துப் படியுங்கள். மறைத்துவிட்டு ஓட்டி, விபத்துக்குப் பிறகு அது வெளிவந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். பயணம் போவது உங்கள் உரிமை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எதிரே வருகிறவருக்கும் அந்தச் சாலையில் உரிமை இருக்கிறது.

மருத்துவர் சம்மதித்த பிறகு, வழியில் கடைப்பிடிக்க வேண்டியவை இவை:

வண்டியை எடுக்கும் முன்பும், ஓட்டத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும் சர்க்கரை பாருங்கள். 90 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு மறுபடி பாருங்கள். ஏறிய பிறகே கிளம்புங்கள். 70-க்குக் கீழே இறங்கியிருந்தாலோ, லோ சுகரின் அறிகுறி தெரிந்தாலோ, வண்டியை ஓரம் கட்டிச் சாவியை எடுத்துவிட்டு, வேகமாக ஏறும் சர்க்கரை 15 கிராம் சாப்பிடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். எண் சரியான பிறகும் 45 நிமிடம் வண்டியைத் தொடக்கூடாது. எண் ஏறிய வேகத்தில் மூளை தெளிந்துவிடுவதில்லை என்பதுதான் காரணம்.

குளுக்கோஸ் மாத்திரைகள் பயணப்பையின் அடியில் அல்ல, ஜாக்கெட்டின் மேல்பையில் இருக்க வேண்டும். கையுறையோடு ஒரு கையால் எடுத்துப் பிரிக்க முடிகிறதா என்று வீட்டிலேயே பழகிப் பாருங்கள். இனிப்பைத் தொட்ட விரலில் குத்திப் பார்த்தால் மீட்டர் பொய்யாக அதிகம் காட்டும். விரலைக் கழுவித் துடைத்துவிட்டுப் பாருங்கள். வெயிலில் காய்ந்த டேங்க் பையில் வைத்த மீட்டரும் பட்டைகளும் நம்பத் தகுந்தவை அல்ல.

காலை உணவைத் தவிர்த்தால் தூக்கம் வராது என்று எழுதியிருக்கிறீர்களே, கிளிமிபிரைடு எடுப்பவர் செய்யக்கூடாதவற்றின் பட்டியலில் அதற்குத்தான் முதலிடம்.

தூக்கமும் எனர்ஜி டிரிங்க்கும்

தூக்கத்துக்கு மருந்து தூக்கம்தான். காஃபின் கொஞ்ச நேரம் கடன் கொடுக்கும், அவ்வளவுதான். அது வேலை செய்யத் தொடங்கவே ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரம் நீங்கள் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். மாலையில் குடித்தால் ஐந்து மணி நேரம் கழித்தும் பாதி அளவு இரத்தத்தில் இருந்து இரவுத் தூக்கத்தையும் கெடுக்கும். எனர்ஜி டிரிங்க்கில் இன்னொரு சிக்கல்: சாதாரண 250 மில்லி டப்பாவில் 25 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். உங்கள் எண்களைப் புரட்டிப்போட அது போதும்.

கண் சொக்கினால் இப்படிச் செய்யுங்கள்: பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, சர்க்கரை பார்த்து, சர்க்கரை சேர்க்காத காபி ஒன்று குடித்துவிட்டு உடனே படுத்துவிடுங்கள். அலாரம் 20 நிமிடத்துக்கு. எழும்போது காபியும் வேலை செய்யத் தொடங்கியிருக்கும். அதற்கு மேல் தூங்கினால் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் எழுந்து, இன்னும் மந்தமாக உட்கார்ந்திருப்பீர்கள். இதையும் ஒரு நாளில் ஒரு முறைதான் நம்பலாம். இரண்டாம் முறை சொக்கினால் அன்றைய ஓட்டம் முடிந்தது. பக்கத்தில் எங்கே அறை கிடைக்கிறதோ அங்கே தங்குங்கள்.

முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்வது, பாட்டுப் பாடுவது, ஹெல்மெட் கண்ணாடியைத் திறந்துவிடுவது எல்லாம் சில நிமிட ஏமாற்று. மணிக்கு 80 கிலோமீட்டரில் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் போகிறது. மூன்று நொடி கண் அசந்தால் 66 மீட்டர் யாருமே ஓட்டாத வண்டி. காரில் அசந்தவருக்குச் சுற்றிலும் தகரமாவது இருக்கிறது.

உங்கள் தும்மல் மாத்திரை பழைய வகையைச் சேர்ந்தது. அதன் மயக்கம் மறுநாள் காலையிலும் மிஞ்சும். 'எனக்குத் தூக்கம் வரவில்லையே' என்பவருக்கும் கை மந்தப்படுவதுண்டு. தூக்கம் தராத புதிய வகைக்கு மாற்ற முடியுமா என்று அதே மருத்துவரிடம் கேளுங்கள். மாற்றினாலும் ஒரு வாரம் வீட்டில் எடுத்துப் பார்த்த பிறகே பயணத்துக்கு.

தண்ணீர், காது, கால்

அடிக்கடி நிற்க வேண்டியிருக்கும் என்று தண்ணீரைக் குறைக்கப்போகிறீர்களாம். வேண்டாம். ஓடும் வண்டியில் காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால், எவ்வளவு நீர் போகிறது என்று தெரியாமலே வறண்டுபோவீர்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கும்வரை சரி, அடர்ந்தால் குறை. எப்படியும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சர்க்கரை பார்க்க நிற்கத்தானே போகிறீர்கள்; அப்போது பத்து நிமிடம் நடந்துவிடுங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கால் இரத்தக் குழாய்க்குள் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது.

கடும் வெயிலில் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டால் குளிரும் என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. காற்றின் வெப்பம் தோலின் வெப்பமான ஏறக்குறைய 35 பாகையைத் தாண்டிவிட்டால், வேகமாக வீசும் காற்று உடம்பைக் குளிர்விப்பதற்குப் பதில் சூடேற்றும். மூடிக்கொண்டு, உள்பனியனை நனைத்துக்கொண்டு ஓட்டுவதே மேல். குளிரில் இதன் தலைகீழ்: 10 பாகை காற்றில் 80-இல் போனால் திறந்த தோலுக்கு அது 4 பாகையாக உறைக்கும். விரல் விறைத்தால் பிரேக் பிடிப்பது தாமதமாகும்.

காதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் நான் பேசுகிறேன். மணிக்கு 100 கிலோமீட்டரை நெருங்கும்போது ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் மட்டும் 100 டெசிபெல் வரை எட்டக்கூடும். 85 டெசிபெலை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்று கணக்கிடும் தொழில்நலப் பரிந்துரைப்படி, 100 டெசிபெலுக்குக் கிடைப்பது 15 நிமிடம். இரவில் காதில் 'கொய்ங்' என்று ஒலி நிற்காமல் கேட்பது இதனால்தான். போன செவித்திறன் திரும்பாது. மென்மையான நுரை அடைப்பான் ஒரு ஜோடி போட்டுக்கொண்டால் இரைச்சல் குறையும், களைப்பும் கண்கூடாகக் குறையும். ஹாரன் கேட்கத்தான் செய்யும். சில இடங்களில் காதை அடைத்து ஓட்டுவதற்குச் சட்டத் தடை உண்டு, உங்கள் விதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருப்பவரோடு ஓர் ஒப்பந்தம்

போனை அணைத்துவிட்டுப் போனால்தான் தனிமை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில் மட்டும் 46 வயது தெரியவில்லை.

போன் இயங்கட்டும். அரை மணிக்கொரு முறை பேசச் சொல்லவில்லை. ஓட்டும்போது அழைப்பு வந்தால் எடுக்கவே கூடாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரே ஒரு குறுஞ்செய்தி: சர்க்கரை எண், இடம், அடுத்த நிறுத்தம். அதைப் படிப்பவருக்கும் ஒரு விதி வேண்டும். சொன்ன நேரம் தாண்டி ஒரு மணி நேரம் வரை காத்திருப்பது (சிக்னல் இல்லாமல் இருக்கலாம்), பிறகு அழைப்பது, இரண்டு மணி நேரம் கடந்தால் யாருக்குத் தகவல் சொல்வது என்பதைப் போன் எண்ணோடு எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டுப் போவது. விதி இல்லாத இடத்தில் பதற்றம்தான் இருக்கும். உங்கள் பயணத்தில் ஒருவர் ஓட்ட, ஒருவர் நான்கு நாள் கடிகாரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். குறுஞ்செய்தியில் இடம் மாறி எழுதியிருந்தாலோ, சொற்கள் குழம்பியிருந்தாலோ, 'நிறுத்துங்கள்' என்று சொல்லும் அதிகாரமும் அவருக்கு. அவர் சொன்னால் வாதாடாமல் நிற்பது உங்கள் பங்கு.

போன், அடையாள அட்டை, 'எனக்குச் சர்க்கரை நோய், இந்த மாத்திரைகள் எடுக்கிறேன்' என்ற சீட்டு, குளுக்கோஸ் ஆகிய நான்கும் உடம்போடு இருக்கட்டும். விழும்போது வண்டி ஒரு பக்கம் போகும், ஆள் ஒரு பக்கம் போவார். கைப்பிடியில் மாட்டிய போன் புதருக்குள் கிடக்கும். போனின் பூட்டைத் திறக்காமலே மருத்துவ விவரத்தைப் பிறர் படிக்கும் வசதி இருக்கிறது, அதை நிரப்பி வையுங்கள். மயங்கிக் கிடப்பவரிடம் மது வாடை தேடுகிறவர்கள்தான் அதிகம். சர்க்கரை என்று யோசிக்க அந்தச் சீட்டு உதவும்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: இன்றைய நிலையில், இந்தத் திட்டத்தோடு, போக வேண்டாம். மாத்திரை சீராகி, ஆறு வாரம் லோ சுகர் இல்லாமல் கழிந்து, நாளுக்கு 400-க்குள் திட்டத்தையும் மாற்றினால், தனியாகவே போகலாம். அதற்கு முன் 300 கிலோமீட்டரில் இரண்டு நாள் ஒத்திகை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எண்ணை எழுதுங்கள். அந்தத் தாள் என் கருத்தைவிட உங்கள் மருத்துவருக்குப் பயன்படும். அதுவரை பக்கத்துத் தெருவுக்கு வண்டியை எடுப்பதானாலும் விரலில் குத்திப் பார்த்துவிட்டே எடுங்கள்.

மருத்துவரிடம் போகும் முன் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. இன்று இரவு உங்கள் மனைவியிடம் கேளுங்கள்: அந்த மதியம் நான் எப்படி இருந்தேன்? கூப்பிட்டபோது பதில் சொன்னேனா? டம்ளரை நானே பிடித்துக் குடித்தேனா, நீ வாயில் வைத்தாயா? நடுவில் மறுத்துப் பேசாமல் அவர் சொல்வதை முழுவதும் கேட்டு, அவருடைய சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் மருத்துவரிடம் அவரையும் அழைத்துப் போங்கள். அந்தப் பத்து நிமிடத்துக்கு அவர்தான் சாட்சி.